இடைவெளிக்குப் பிறகு ரெசுமே எழுதுவது எப்படி

டெங்கில் டவுனிலிருந்து சைபர்ஜெயாவின் அலுவலகக் கட்டடங்களுக்குக் காரில் சுமார் கால் மணி நேரம். 1997 மே மாதம் சைபர்ஜெயா திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூனில் கேஎல்ஐஏ விமான நிலையம் இயங்கத் தொடங்கியது. புத்ராஜெயா நகரைக் கட்டுவதற்காகத் தோட்டங்களை விட்டு டெங்கிலின் தாமான் பெர்மாத்தாவுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் கணினி, மின்னியல், நெட்வொர்க் என்று படித்து இந்த வட்டாரத்தில் வேலைக்குப் போனார்கள். பிறகு பிள்ளைப்பேறு, அப்பாவின் டயாலிசிஸ், ஆட்குறைப்பு என்று ஏதோ ஒரு காரணத்தால் சிலர் வேலையை விட்டார்கள். அப்படி விட்டு மூன்று ஆண்டோ பத்து ஆண்டோ கழித்து அதே துறைக்குத் திரும்ப நினைப்பவர் நீங்கள் என்றால், இந்த அத்தியாயம் உங்களுக்குத்தான்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வையுங்கள். உங்கள் ரெசுமேயைக் கையில் எடுப்பவர் கண்ணில் முதலில் படும் ஆண்டு, இந்த ஆண்டாக இருக்க வேண்டும். 2016 என்று தொடங்கும் தாள், அதில் எவ்வளவு நல்ல வேலை எழுதியிருந்தாலும், பழைய தாளாகவே தெரியும். ஆகவே எழுதுவதற்கு முன்பே கொஞ்சம் வேலை இருக்கிறது.

எழுத உட்காருமுன்

1. தேதிகளைத் திரட்டுங்கள். எந்த மாதம் சேர்ந்தோம், எந்த மாதம் விட்டோம் என்பது பலருக்கும் மறந்திருக்கும். ஞாபகத்தை நம்பி எழுதாதீர்கள். கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) கணக்கு அறிக்கையில் முதலாளி எந்த மாதம் வரை சந்தா கட்டினார் என்பது இருக்கும். வருமான வரிக்காகக் கொடுத்த இஏ படிவம், நியமனக் கடிதம், வேலை விட்டபோது கொடுத்த கடிதம் ஆகியவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். வேலை கொடுக்குமுன் பின்னணி விசாரிக்கும் நிறுவனங்கள் முதலில் சரிபார்ப்பது தேதிகளைத்தான். இரண்டு மாதம் முன்பின் ஆனாலும், வேண்டுமென்றே இடைவெளியைக் குறைத்துக் காட்டியதாக நினைத்துவிடுவார்கள்.

2. பழைய வேலையைக் குறிப்பேட்டில் கொட்டுங்கள். அழகு பார்க்க வேண்டாம். எத்தனை சர்வர், எத்தனை கிளை, எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், இரவு முறை உண்டா, எது பழுதானால் உங்களைக் கூப்பிட்டார்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். எண்கள் நினைவில்லை என்றால் உடன் வேலை செய்தவரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் எண் போடாமல் விடுங்கள். ஊகித்துப் போட வேண்டாம்.

3. பத்து வேலை விளம்பரங்களைப் படியுங்கள். ஜாப்ஸ்ட்ரீட், லிங்க்ட்இன், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் மைஃப்யூச்சர்ஜாப்ஸ் ஆகிய தளங்களில் உங்கள் பழைய பதவிப் பெயரைத் தேடுங்கள். திரும்பத் திரும்ப வரும் கருவிகளையும் திறன்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தெரியும்', 'பழையது தெரியும்', 'தெரியாது' என்று குறியுங்கள். நடுவில் இருக்கும் 'பழையது தெரியும்' வரிசைதான் உங்கள் சொத்து. வேறு எங்கும் நேரத்தைச் செலவிடுமுன் அதைப் புதுப்பியுங்கள்.

4. இந்த ஆண்டுத் தேதி போட்ட ஒரு சான்றை உருவாக்குங்கள். அடுத்த பகுதி முழுவதும் இதைப் பற்றியது.

புதிய சான்று: துறை எங்கே நகர்ந்தது என்று பாருங்கள்

கணக்கு மென்பொருள் எழுதியவரை எடுத்துக்கொள்வோம். 2015 ஏப்ரல் 1-ல் பொருள், சேவை வரியான ஜிஎஸ்டி வந்தபோது அந்த வரிப் பகுதியை எழுதியவர் நீங்கள். 2016 இறுதியில் வேலையை விட்டீர்கள். 2018 ஜூன் 1-ல் ஜிஎஸ்டி பூஜ்ஜிய விழுக்காடானது. செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பி வந்தது. நீங்கள் எழுதிய நிரலுக்கு இன்று வேலை இல்லை. ஆனால் அரசாங்கம் ஒரு வரியை ஒரு தேதியில் அமலாக்கும்போது, அந்தத் தேதிக்குள் வாடிக்கையாளரின் மென்பொருளைப் பிசகில்லாமல் மாற்றிக் கொடுத்த அனுபவத்துக்கு நிறைய வேலை இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. ஆண்டு வருவாய் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் வந்தது. வருமான வரி வாரியம் தன் மைஇன்வாய்ஸ் முறைக்கான தொழில்நுட்பக் குறிப்புகளை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. சோதனைத் தளமும் உண்டு. எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் வடிவில் ஒரு விலைப்பட்டியலை உருவாக்கிச் சரிபார்க்கும் சிறு நிரலை எழுதி கிட்ஹப்பில் போடுங்கள். ஜிஎஸ்டி அனுபவமும் இந்த நிரலும் ஒரே தாளில் இருக்கும்போது இடைப்பட்ட ஆண்டுகள் பெரிதாகத் தெரியாது.

மற்றத் துறைகளிலும் இதே வழிதான். பழையதோடு தொட்டுக்கொண்டிருக்கும் புதியதைத் தேடுங்கள்.

*நெட்வொர்க்:* சிசிஎன்ஏ சான்றிதழ் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். 2020 பிப்ரவரி 24-ல் சிஸ்கோ அந்தத் தேர்வின் பல பிரிவுகளையும் ஒன்றாக்கிவிட்டது. எனவே பழைய புத்தகத்தை வைத்துப் படிக்காதீர்கள். பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். வீட்டு மடிக்கணினியிலேயே பழகலாம்.

*சர்வர் நிர்வாகம்:* விண்டோஸ் சர்வர் 2012-க்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் நிறுத்திவிட்டது. அதற்குப் பிந்திய பதிப்பு ஒன்றைச் சோதனை உரிமத்தில் நிறுவிப் பாருங்கள்.

*நிரலாக்கம்:* பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ல் முடிவு வந்தது. ஃபிளாஷ் அதே ஆண்டு டிசம்பரோடு போனது. உங்கள் பழைய திட்டம் ஒன்றை இன்றைய பதிப்பில் மறுபடி எழுதினாலே நல்ல சான்று கிடைக்கும்.

*தொழிற்சாலைப் பொறியியல், பராமரிப்பு:* 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1-ல் நீக்கப்பட்டது. அதே நாளில் திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அமலுக்கு வந்தது. பழைய சட்டத்தின் பெயரைத் திறன் பட்டியலில் அப்படியே விட்டுவைத்தால், விட்ட நாள் முதல் நீங்கள் எதையும் படிக்கவில்லை என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

*மின்சாரம், குளிர்சாதனம் போன்ற கைத்தொழில்:* அனுபவம் உண்டு, சான்றிதழ் இல்லை என்பவர்கள் ஜேபிகே எனப்படும் திறன் மேம்பாட்டுத் துறையின் பிபிடி வழியைப் பாருங்கள். முன் அனுபவத்தை மதிப்பிட்டு எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை அது. கட்டுமானத் தளத்துக்குப் போகிறவர்கள் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் (சிஐடிபி) கிரீன் கார்டு செல்லுபடியாகிறதா என்று பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

> குறிப்பு: ஒரு சான்று போதும். ஆறு இணைய வகுப்புகளின் சான்றிதழ்களை வரிசையாகப் போடுவதைவிட, நீங்களே செய்து முடித்த ஒரு வேலை பலமானது. நேர்முகத்தில் அதைப் பற்றி அரை மணி நேரம் பேச முடியும் அல்லவா!

தாளை அடுக்கும் முறை

ரெசுமே ஆங்கிலத்தில் இருக்கட்டும். அரசாங்க வேலைக்கு விண்ணப்பிப்பவர் தேசிய மொழியில் ஒன்று தனியாகத் தயாரிக்க வேண்டும். கீழே வரும் எடுத்துக்காட்டு வரிகளைப் புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்.

1. பெயர், கைத்தொலைபேசி எண், மின்னஞ்சல். இருப்பிடத்துக்கு 'டெங்கில், சிலாங்கூர்' என்பது போதும். சைபர்ஜெயா, பாங்கி, செப்பாங் பக்கம் உள்ள நிறுவனத்துக்கு இந்த ஊர்ப் பெயரே சாதகமானது. கோலாலம்பூர் வேலை என்றால் 'சொந்த வாகனம் உண்டு' என்று சேருங்கள். டெங்கிலில் ரயில் நிலையம் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.
2. மூன்று வரி அறிமுகம். முதல் வரி நீங்கள் யார், எத்தனை ஆண்டு அனுபவம். இரண்டாவது, இப்போது செய்து முடித்தது. மூன்றாவது, எந்த வேலையைத் தேடுகிறீர்கள்.
3. திறன்கள். இன்று மேசையில் உட்கார வைத்தால் செய்து காட்டக்கூடியவை மட்டும்.
4. அண்மைப் பணி: முன் சொன்ன புதிய சான்று, ஆண்டுடன்.
5. பணி அனுபவம், கடைசி வேலை முதலில். இடைவெளியும் இந்த வரிசையிலேயே, தன் இடத்திலேயே வரும்.
6. கல்வி, சான்றிதழ்கள். காலாவதியானவற்றுக்குப் பக்கத்தில் 'காலாவதி' என்றே எழுதுங்கள்.
7. மொழிகள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேச, எழுத வரும் என்றால் அதை எழுதத் தயங்க வேண்டாம். வாடிக்கையாளர் சேவை கலந்த தொழில்நுட்ப வேலைகளில் இதற்கு மதிப்பு உண்டு.

இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். இரட்டைப் பத்தி, வண்ணக் கட்டம், திறனுக்கு நட்சத்திரம் போடும் அலங்காரம் எதுவும் வேண்டாம். பல நிறுவனங்களில் ரெசுமேயை முதலில் வாசிப்பது மென்பொருள். கட்டத்துக்குள் இருப்பதை அது தவறாக வாசிக்கவோ விட்டுவிடவோ கூடும். சோதிக்க எளிய வழி உண்டு. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் நகலெடுத்து, வெறும் நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை குலையாமல் வந்தால் சரி.

இடைவெளியை எழுதும் விதம்

பலர் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். ஒரு பக்கம், ஆண்டுகளையே எடுத்துவிட்டுத் திறன்களை மட்டும் அடுக்கும் வடிவத்தைப் பின்பற்றுகிறார்கள். அப்படிப்பட்ட தாளைப் பார்த்ததுமே, 'எதையோ மறைக்கிறார்' என்ற எண்ணம்தான் வரும். இன்னொரு பக்கம், வீட்டுக் கதை முழுவதையும் எழுதிவிடுகிறார்கள்:

*'பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் வேலையை விட நேர்ந்தது. இப்போது அவர்கள் பள்ளிக்குப் போவதால் மீண்டும் வேலை தேடுகிறேன். ஒரு வாய்ப்புக் கொடுத்தால் கடுமையாக உழைப்பேன்.'*

ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். ஆனால் இதைப் படிப்பவருக்கு உங்கள் தொழில் பற்றி ஒன்றும் தெரியவில்லை. உங்கள் வீட்டுச் சிரமம் மட்டும் தெரிகிறது. அதையே இப்படி எழுதுங்கள்:

*'2017 மார்ச் முதல்: குடும்பப் பராமரிப்புக்காக முழுநேரப் பணியிலிருந்து இடைவெளி. கடந்த ஓராண்டாக நெட்வொர்க் பாடத்தைப் புதுப்பித்து, சிசிஎன்ஏ தேர்வில் தேறியிருக்கிறேன்.'*

இரண்டு வரி. காரணம் மூன்று சொல்லுக்குள் முடிந்தது. மன்னிப்பும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நோய் காரணமாக விட்டவர் 'சொந்தக் காரணம். இப்போது முழுநேரப் பணிக்குத் தயார்' என்று எழுதினால் போதும், நோயின் பெயர் வேண்டாம். ஆட்குறைப்பில் போனவர் 'நிறுவனச் சீரமைப்பு' என்று எழுதலாம். லிங்க்ட்இன் தளத்தில் 2022 முதல் பணி இடைவெளி என்றே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே போடும் தேதியும் ரெசுமேயில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.

வீட்டைப் பார்த்துக்கொண்டதை 'இல்ல நிர்வாக மேலாளர்' என்று பதவியாக எழுதச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த உழைப்பு பெரியது; ஆனால் அதற்கு அலுவலகப் பட்டம் சூட்டினால் தாளில் உள்ள மற்ற பட்டங்களின் மேலும் ஐயம் விழும். அதே ஆண்டுகளில் தொழில்நுட்பம் கலந்த எதையாவது செய்திருந்தால் அதைத் தாராளமாக எழுதுங்கள். தமிழ்ப்பள்ளிக் கணினி அறையைச் சரிசெய்து கொடுத்தது, கோயில் நிர்வாகத்துக்கு நன்கொடை ரசீதைக் கணினிமயமாக்கியது, வீட்டுக் கேட்டரிங் தொழிலுக்கு இணையவழி ஆர்டர் முறை அமைத்தது எல்லாமே வேலைதான். சம்பளம் வாங்கவில்லை என்பதால் விட்டுவிடாதீர்கள்.

இடைவெளிக்காகக் கூச வேண்டியதில்லை. 1962-ல் பிரிட்டனில் ஸ்டெஃபனி ஷெர்லி, குடும்பத்துக்காக வேலையை விட்டிருந்த பெண் புரோகிராமர்களை வீட்டிலிருந்தே எழுத வைத்து ஒரு மென்பொருள் நிறுவனத்தை வளர்த்தார். இந்தியாவில் டாடா குழுமம் 2008-ல் வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கெனத் தனித் திட்டம் தொடங்கியது. இங்கே மலேசியாவில், அரசு நிறுவனமான டேலண்ட்கார்ப்பின் கேரியர் கம்பேக் திட்டம் 2015-ல் வந்தது. திரும்பி வருகிறவர்களை வேலைக்கு எடுக்கும் வழக்கம் புதிதல்ல.

பணி வரிகளுக்கு உயிர் கொடுங்கள்

'சர்வர்களைப் பராமரித்தேன்' என்று பழைய ரெசுமேயில் இருக்கும். அதை எடுத்துக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு மாற்றுங்கள்:

*'மூவர் குழுவில் 40 விண்டோஸ் சர்வர்களைப் பராமரித்தேன். இரவு பேக்கப் தோல்வியடைந்தால் காரணம் கண்டறிந்து, காலை எட்டு மணிக்குள் மீட்டுக்கொடுப்பது என் பொறுப்பு.'*

கருவியின் பதிப்பு பழையதாக இருந்தாலும், இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும் பொறுப்பு பழையதாகாது. கடைசி இரண்டு வேலைகளுக்கு மூன்று நான்கு வரி வீதம் இப்படி எழுதுங்கள். அதற்கு முந்தியவற்றுக்கு நிறுவனம், பதவி, ஆண்டு போதும்.

> எச்சரிக்கை: வாடிக்கையாளர் பெயர், ஐபி முகவரி, உள் அமைப்பு வரைபடம், பழைய நிறுவனத்தின் நிரல் எதையும் ரெசுமேயிலோ கிட்ஹப்பிலோ போடாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேலையை விட்ட பிறகும் கட்டுப்படுத்தக்கூடும். 'ஒரு உள்ளூர் வங்கி' என்று எழுதினால் போதும்.

பாதுகாப்பு

நம் நாட்டுப் பழைய ரெசுமே மாதிரிகளில் அடையாளக் கார்டு எண், இனம், மதம், திருமண நிலை, பிள்ளைகள் எண்ணிக்கை, படம் எல்லாம் இருக்கும். அனைத்தையும் எடுத்துவிடுங்கள். 12 இலக்க அடையாளக் கார்டு எண்ணும் வீட்டு முகவரியும் கைத்தொலைபேசி எண்ணும் ஒரே தாளில் இருந்தால், மோசடிக்காரருக்கு வேறொன்றும் தேவையில்லை. வேலை உறுதியான பிறகு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு மட்டும் அவற்றைக் கொடுங்கள்.

நீண்ட நாள் வேலை தேடுகிறவரின் அவசரத்தை மோசடிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்று நடந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்:

- நேர்முகம் இல்லாமல், வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் உரையாடலிலேயே வேலை உறுதி என்கிறார்கள்.
- பதிவுக்கு, பயிற்சிக்கு, மடிக்கணினிக்கு என்று முதலில் பணம் கட்டச் சொல்கிறார்கள்.
- உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், அதை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். இதற்கு இணங்கினால் குற்றவாளிப் பட்டியலில் நீங்களும் சேர்வீர்கள்.
- வெளிநாட்டில் கணினி வேலை, விமான டிக்கெட் எங்கள் செலவு என்கிறார்கள். கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடி முகாம்களில் சிக்கிய மலேசியர்களுக்கு இப்படித்தான் ஆசை காட்டினார்கள்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடித் தடுப்பு மையத்தை அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொல்வது முக்கியம்.

பரிந்துரையாளரைத் தேடுவது

பழைய மேலதிகாரி இன்று வேறு நிறுவனத்தில் இருக்கலாம். கேட்காமல் அவர் பெயரைப் போடாதீர்கள். சுருக்கமாக ஒரு செய்தி அனுப்புங்கள்:

*'வணக்கம் சார். 2014 முதல் 2017 வரை உங்கள் டீமில் சர்வர் சப்போர்ட்டில் இருந்தேன். மீண்டும் அதே வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். என் ரெசுமேயை இத்துடன் அனுப்பியுள்ளேன். பரிந்துரையாளராக உங்கள் பெயரைக் கொடுக்கலாமா? யாராவது கூப்பிட்டால் அந்த பேக்கப் மாற்றும் வேலையைப் பற்றிச் சொன்னால் உதவியாக இருக்கும்.'*

எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்களே நினைவூட்டுவது அவருக்கும் வசதி. எண்ணற்றவர்களோடு வேலை செய்தவருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும், உங்கள் வேலை நினைவிருக்க வேண்டும் என்பதில்லை. பரிந்துரையாளரின் எண்ணை ரெசுமேயில் அச்சிடாமல், நிறுவனம் கேட்கும்போது மட்டும் கொடுங்கள்.

அனுப்பும்போதும் அதன் பிறகும்

1. கோப்பின் பெயர் உங்கள் பெயரும் பதவியுமாக இருக்கட்டும். 'ரெசுமே புதியது 3' என்று அனுப்ப வேண்டாம்.
2. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அறிமுகத்தின் மூன்றாவது வரியையும் திறன் வரிசையையும் அந்த விளம்பரத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். மற்றவை அப்படியே இருக்கலாம்.
3. எங்கே, எப்போது, எந்தப் பதிப்பை அனுப்பினீர்கள் என்று ஒரு பட்டியல் வையுங்கள். மூன்று வாரம் கழித்து அழைப்பு வரும்போது எதை எழுதினோம் என்று தேட வேண்டியிருக்காது.
4. எதிர்பார்க்கும் சம்பளம் கேட்டால், நீங்கள் விட்டபோது வாங்கியதைச் சொல்லாதீர்கள். அதே பதவிக்கு இப்போது விளம்பரங்களில் வரும் வரம்பைப் பார்த்து, ஒரு வரம்பாகவே சொல்லுங்கள்.
5. பிள்ளையை அழைத்துவர வேண்டிய நேரம், வீட்டிலிருந்து வேலை போன்றவற்றை ரெசுமேயில் எழுதாதீர்கள். வேலை கிடைக்கும் கட்டத்தில் பேசுங்கள். 2023 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும்.
6. இரண்டு ஆண்டுக்குக் குறையாத இடைவெளிக்குப் பின் வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு 12 மாதச் சம்பளத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. 2018 பட்ஜெட்டில் வந்த இந்தச் சலுகையின் காலக்கெடு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. வேலையை ஒப்புக்கொண்டதும் டேலண்ட்கார்ப்பில் நடப்பு நிபந்தனைகளைக் கேளுங்கள். விண்ணப்பத்தில் பழைய வேலை எப்போது முடிந்தது, புதியது எப்போது தொடங்கியது என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். முதல் படியில் கோப்பில் போட்டு வைத்த கேடபிள்யூஎஸ்பி அறிக்கையையும் கடிதங்களையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.